ஆற்றில் விட்டாலும் அறிந்து விடு

"பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவதற்கு, பிடிக்காமலேயே இருந்துவிடலாமே?"

தூண்டிலும் கையுமாக என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்ட கேள்வி இது. வீட்டில் கேட்டாயிற்று. ஆபீஸில் கேட்டாயிற்று. நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், "வெண்டைக்காயைப் பறித்துவிட்டுத் திரும்பச் செடியில் ஒட்ட வைப்பீர்களா சார்?" என்றார். பந்தியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

கேலியாகக் கேட்கப்பட்டாலும் இது கேலிக்குரிய கேள்வி அல்ல. இதற்குச் சரியான பதிலைத் தேடிப் போனால், அது பெங்களூரில் வாழும் நம் எல்லாருக்கும் வேண்டிய ஒரு விஷயத்தில், காவிரியில், கொண்டுபோய் நிறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. மீன் சாப்பிடாத அன்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். சமையல் குறிப்பு எதுவும் இதில் கிடையாது.

முதலில் தூண்டிலைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊர்த் தூண்டில் எல்லாருக்கும் தெரியும். மூங்கில் கழி, நூல், தக்கை, ஈயக்குண்டு, முள்ளில் ஒரு மண்புழு. குண்டின் கனம்தான் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் 'ஃபிளை ராடு' என்று சொல்லும் தூண்டிலில் இது தலைகீழ். இதில் இரையே கிடையாது. இறகு, மயிர், பட்டு நூல் இவற்றை முள்ளின் மேல் சுற்றி, பூச்சி மாதிரியோ குட்டித் தவளை மாதிரியோ ஒரு பொம்மை செய்திருப்பார்கள். அதற்குக் கனமே இருக்காது, ஊதினால் பறந்துவிடும். கனம் முழுவதும் நூலில் இருக்கிறது. தடித்த அந்த நூலைப் பின்னால் வீசி, அது காற்றில் முழுக்க நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமைதான் வித்தை. அவசரப்பட்டால் நூல் உங்கள் காதைச் சுற்றும். நிதானித்தால் பொம்மைப் பூச்சி நிஜப் பூச்சியைப் போலவே தண்ணீரில் வந்து உட்காரும்.

வங்கி வேலை என்னைக் குலு பக்கம் நான்கு ஆண்டுகள் உட்கார வைத்தது. பியாஸ் ஆற்றங்கரையில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். அங்கே பிடித்தது ட்ரவுட். ஆனால், ஃபிளை ராடின் முழுச் சிலிர்ப்பையும் எனக்குக் காட்டியது ட்ரவுட் அல்ல, 'பாஸ்' என்னும் மீன். மகள் குடும்பம் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்தபோது அங்கே மூன்று மாதம் தங்கினேன். (ஆபீஸ் 'பாஸ்' நினைவு வருகிறவர்கள் மன்னிக்கவும். இந்த பாஸைப் பிடித்தால் பதவி உயர்வு கிடைக்காது.)

பாஸைத் தமிழ் வாசகருக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? உறவில் இல்லாவிட்டாலும் சுபாவத்தில் அது நம் விரால். எங்கள் கும்பகோணம் பக்கத்துக் குளங்களில் விரால் எங்கே இருக்கும்? திறந்த தண்ணீரில் இருக்காது. தாமரை இலைக்கு அடியில், கோரைப் பக்கத்தில், ஆடாமல் அசையாமல் பதுங்கி இருக்கும். தவளை குதித்தால் ஒரே பாய்ச்சல். பாஸும் அப்படியேதான். விரால், தன் குஞ்சுகள் செக்கச் செவேலென்று கூட்டமாக மிதக்கும்போது அடியில் நின்று காவல் காக்கும். பாஸிலும் ஆண் மீன் கூட்டைக் காத்து, பொரித்த குஞ்சுகளையும் சில காலம் காத்து நிற்கும். இந்த ஒற்றுமையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த அந்நிய தேசத்துக் குட்டையும் எனக்குச் சொந்த ஊர்க் குளமாகிவிட்டது.

பாஸுக்குத் தக்கையில் செய்த, மிதக்கும் பொம்மை ஒன்று உண்டு. அதன் முகம் குழிவாக இருக்கும். அல்லி இலைகளின் ஓரத்தில் அதை இறக்கிவிட்டு, ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். விழுந்த இடத்தில் எழுந்த வட்டங்கள் விரிந்து விரிந்து மறையும்வரை நிற்க வேண்டும். பிறகு நூலை ஒரு விரற்கடை இழுத்தால், பொம்மை 'பொளக்' என்று ஒரு சத்தம் போடும். மறுபடி மௌனம். மறுபடி 'பொளக்'. மூன்றாவது தடவை இழுக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, பொம்மை இருந்த இடத்தில் தண்ணீர் உடையும். வாளித் தண்ணீரைக் கிணற்றில் கொட்டியது போன்ற சத்தம். அகன்ற வாயைத் திறந்து, பொம்மையைத் தண்ணீரோடு சேர்த்து அது உறிஞ்சியிருக்கும். நூல் உங்கள் இடது கையில் இருப்பதால், நடுவில் எந்த இயந்திரமும் இல்லாமல், மீனின் ஒவ்வொரு உலுக்கலும் நேராக உங்கள் விரலுக்கு வரும். அது வெளியே எகிறித் தலையைச் சிலுப்பும்போது, ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்குப் பத்து வயது ஆகிவிடும்.

இது அசட்டுச் சந்தோஷம் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மணி நேரம் ஒரு குட்டையின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால், எந்த இலைக்கு அடியில் நிழல், எந்தப் பக்கம் தும்பி அதிகம், நேற்றைவிட இன்று தண்ணீர் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். ஒரு நீர்நிலையை அவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்கு வேறு எந்தக் காரணம் நமக்கு இருக்கிறது?

சரி, கேள்விக்கு வருவோம். எதற்குப் பிடித்துவிட்டு விடுவது?

முதலில் யாரும் விடவில்லை. 1932 ஜூன் 2 அன்று, அதே ஜார்ஜியாவில் மாண்ட்கோமரி ஏரியில், ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். நம் கணக்கில் 10 கிலோவுக்குச் சற்று மேல். உலக சாதனை. அதை அவர் என்ன செய்தார் தெரியுமா? எடை போட்டுப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பமே சாப்பிட்டது. அமெரிக்காவில் பெரும் பஞ்சப் பாடு நிலவிய காலம் அது. பசித்த வீட்டில் மீன் வந்தால் குழம்பு வைப்பதுதான் நியாயம். அதில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

பிறகு காலம் மாறியது. பசிக்காகப் பிடிப்பவர்கள் குறைந்து, பந்தயத்துக்காகப் பிடிப்பவர்கள் பெருகினார்கள். 1968-இல் ரே ஸ்காட் என்பவர் அலபாமாவில் பாஸ் பிடிப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். பெரிய பந்தயங்கள் நடந்தன. இப்படிப் பிடித்துக் கொன்றுகொண்டே போனால் ஏரியில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி எழுந்தது. 1972-இல் அந்தச் சங்கமே தன் பந்தயங்களில், பிடித்த மீனை உயிரோடு வைத்திருந்து, எடை போட்டு, திரும்ப விட வேண்டும் என்று கொண்டுவந்தது. படகிலேயே காற்றோட்டமுள்ள தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். பந்தயக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். இன்று அங்கே பாஸை விடுவதுதான் வழக்கம், கொல்வதுதான் விசேஷம். இது ஒரு பதில்: நாளைக்கும் மீன் வேண்டும் என்றால் இன்றைக்கு விட வேண்டும்.

இத்தோடு கதை முடிந்தால் நானும் "ஆகவே விடுவோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் ஜப்பான் குறுக்கே வருகிறது.

1925-இல், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய அகாபோஷி டெட்சுமா என்ற ஜப்பானியத் தொழிலதிபர், ஹகோனே மலையில் உள்ள ஆஷி ஏரியில் பாஸைக் கொண்டுவந்து விட்டார். தான் அனுபவித்த சந்தோஷத்தைத் தன் நாட்டவரும் அனுபவிக்கட்டும் என்ற ஆசைதான். பாஸ் அங்கேயே நிற்கவில்லை. காலப்போக்கில் பலர் கை பட்டு, நாடு முழுவதும் பரவி, ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா ஏரிக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த ஏரியில் மட்டும் உள்ள மீன்கள் பல உண்டு. 'நிகோரோபூனா' என்ற கெண்டை இன மீனைச் சோற்றோடு ஊறப்போட்டுச் செய்யும் பண்டம் அந்த வட்டாரத்தின் பழம்பெரும் உணவு. பாஸும் இன்னொரு அயல் மீனும் ஒரு பக்கம் தின்றன. கரை நாணல்கள் அழிந்தது இன்னொரு பக்கம். உள்ளூர் மீன்கள் குறைந்துபோயின.

ஜப்பான் என்ன செய்தது? பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணம், பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக்கூடாது என்று 2003-இல் தடை போட்டது. 2005-இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டம், பாஸை உயிரோடு வளர்ப்பதையும் கொண்டுபோவதையும் தடை செய்தது. இதில் ஒரு வேடிக்கை. ஜார்ஜ் பெர்ரியின் சாதனையை எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு 2009-இல் ஒருவர் சமன் செய்தார். எங்கே? அதே பிவா ஏரியில்! தூண்டில்காரர்களுக்கு அது திருநாள். ஏரிக்கு அது திருநாளா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆக, அதே மீன், அதே தூண்டில், அதே சிலிர்ப்பு. ஜார்ஜியாவில் விட்டால் புண்ணியம். பிவாவில் விட்டால் குற்றம். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். 'ஆற்றில் விட்டாலும் அறிந்து விடு' என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இனிக் காவிரி.

காவிரி என்ற பெயரை எடுத்தாலே இந்த ஊரில் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். 1991-ஐப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே பேசினாலும் டி.எம்.சி. கணக்கில்தான் பேசுவோம். எத்தனை டி.எம்.சி. வந்தது, எத்தனை வரவில்லை. அந்தத் தண்ணீருக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று இரண்டு மாநிலத்திலும் கேட்பவர்கள் சொற்பம்.

குடியிருப்பவர்களில் ஒருவர் மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் கெண்டை என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு வளரும் மீன். காவிரியில் உள்ள ஒரு வகைக்கு முதுகில் திமில் உண்டு. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினி ஆற்றில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ! மேலைநாட்டுத் தூண்டில்காரர்கள் கப்பல் ஏறி வந்தது இந்த மீனுக்காகத்தான். அவ்வளவு புகழ் இருந்தும் அதற்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானது எப்போது? 2018-இல்! தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்துதான், இது 'டோர் ரெமாதேவி' என்ற இனம் என்று ஆய்வாளர்கள் நிலைநாட்டினார்கள். பெயர் கிடைத்த அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. பெயர் சூட்டு விழாவும் அபாயச் சங்கும் ஒரே ஆண்டில்.

ஏன் இந்த நிலை? அணைகள், ஓட்டம் குறைந்த ஆறு, மணல் கொள்ளை, வெடி வைத்து மீன் பிடிப்பது, இவையெல்லாம் உண்டு. இவற்றோடு நல்லெண்ணத்தில் செய்த ஒரு காரியமும் உண்டு. லோனாவாலாவில் ஒரு பொரிப்பகத்தில் 1970-களிலிருந்து நீலத் துடுப்பு மஹ்சீர் என்ற வேறொரு வகையைச் செயற்கையாகப் பெருக்கினார்கள். அரிய சாதனைதான். அந்தக் குஞ்சுகளை, மீன்வளம் பெருகட்டும் என்று, காவிரியிலும் கொண்டுவந்து விட்டார்கள். மஹ்சீர்தானே, எதுவானால் என்ன என்ற எண்ணம். ஆஷி ஏரியில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகமில்லை.

இந்த விஷயம் எப்படித் தெரியவந்தது என்பதுதான் என் கட்டுரைக்கு முக்கியம். காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987-இல் அறிவிக்கப்பட்டது. அதன் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே போன்ற முகாம்களில், கட்டணம் செலுத்தி மஹ்சீர் பிடித்து, எடை போட்டு, திரும்ப விடுவதற்கு அனுமதி இருந்தது. நானும் 1990-களில் சில முறை போயிருக்கிறேன். மற்றவர்கள் ராகிக் களி உருண்டையைப் போட்டுப் பெரிய மீனுக்குக் காத்திருப்பார்கள். நான் ஃபிளை ராடை வீசிச் சின்ன மீன்களோடு திருப்திப்படுவேன். கிடைத்தவை பெரும்பாலும் நீலத் துடுப்புக்காரர்கள்தான். காலிபோரேயில் பிடித்த ஒவ்வொரு மீனையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை, 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கை, ஆய்வாளர்கள் எடுத்து அலசி 2015-இல் வெளியிட்டார்கள். நீலத் துடுப்பு பெருகிக்கொண்டே போகிறது, திமில் மஹ்சீர் மறைந்துகொண்டே வருகிறது என்று அந்த நோட்டுதான் சொன்னது. வேறு எந்த இலாகாவிடமும் அத்தனை ஆண்டுக் கணக்கு இல்லை.

சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்ற சட்டக் காரணத்தால் அந்த முகாம்களில் மீன்பிடிப்பு நின்றது. 2012-ஓடு நோட்டும் மூடியது.

இப்போது எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். என் நண்பர் ஒருவர், சுத்த சைவம், எல்லாரையும்விடக் கூர்மையாகக் கேட்டார்: "சாப்பிடுகிறவனாவது வயிற்றுக்காகப் பிடிக்கிறான். நீங்கள் சந்தோஷத்துக்காக ஒரு ஜீவனின் வாயில் முள்ளைக் குத்துகிறீர்கள். இதில் எந்தக் காருண்யத்தைப் பேசுகிறீர்கள்?"

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. விடப்பட்ட மீன்கள் எல்லாம் பிழைப்பதில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் காலத்தில், களைத்துப்போகும்வரை இழுத்தடித்த மீன் நீந்திப் போன பிறகும் சாகலாம். எதிர்முள் இல்லாத கொக்கி, சீக்கிரம் கரை சேர்ப்பது, நனைத்த கையால் மட்டும் தொடுவது, தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றுவது, இவை சேதத்தைக் குறைக்கும். பொம்மைப் பூச்சி பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும். மண்புழுவைப்போல் வயிற்றுக்குள் போகாது. இதெல்லாம் உண்மை. ஆனாலும் வலியே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். நண்பர் ஒரு மீனின் பக்கம் நின்று பேசுகிறார், அது நியாயம். நான் அந்த மீனின் குலத்தின் பக்கம் நின்று பேசுகிறேன். வெடிக்குத் தப்பாத, அணைக்குத் தப்பாத, அயல் குஞ்சுகளுக்குத் தப்பாத ஒரு குலம், தூண்டிலுக்கு மட்டும் தப்பி என்ன பயன்? ஆற்றுக்குள் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த கண்களையும் அல்லவா நாம் அனுப்பிவிட்டோம்?

ஆகவே என் கருத்து இதுதான். திமில் மஹ்சீர் உள்ள பகுதிகளில் பொழுதுபோக்குக்கான தூண்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைத் தடுத்தது சரி. ஆனால் கணக்கெடுப்பைத் தடுத்தது சரியல்ல. ஆண்டுக்குச் சில நாள், குளிர்ந்த நீருள்ள பருவத்தில், இனப்பெருக்கக் காலத்தை விட்டு, மீன் ஆய்வாளர்களின் மேற்பார்வையில், எதிர்முள் இல்லாத கொக்கியோடு, தேர்ந்த கைகளை மட்டும் அனுமதித்து அந்த நோட்டைத் திரும்பத் திறக்க வேண்டும். வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணம் கரையோர ஊர்க்காரர்களுக்கே போக வேண்டும். ஆற்றைக் காவல் காக்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்? அப்படிப் பிடிபடும் திமில் மஹ்சீரை விட வேண்டும். நீலத் துடுப்பை விடுவதா வேண்டாமா என்பதை ஆய்வாளர்கள் சொல்லட்டும். "மீனை விடுவது எப்போதும் தர்மம்" என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு நதிப் படுகையின் குஞ்சு எதையும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடும், காவிரியில் கொட்டக்கூடாது.

நம்மைப் போன்றவர்களுக்கும் இதில் வேலை உண்டு. கோயில் குளத்திலும் ஏரியிலும் வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுபோய் 'விட்டுவிடும்' பழக்கம் இந்த நகரத்தில் இருக்கிறது. செய்கிறவர் மனம் நல்ல மனம்தான், குளத்துக்குத்தான் கெடுதல். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம். கோடை விடுமுறையில் காவிரிக் கரைக்குப் போனால், குளித்து, கட்டுச் சோறு சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நிற்காமல், அரை மணி நேரம் அவர்களைத் தண்ணீர் ஓரத்தில் சும்மா உட்காரச் சொல்லலாம். தூண்டில் வேண்டாம். கண் போதும். என்ன மீன், எத்தனை, எந்தப் பாறைக்கு அடியில் என்று ஒரு நோட்டில் எழுதட்டும்.

காவிரி நமக்குச் சொந்தம் என்று இரு கரையிலும் பலர் முழங்குகிறார்கள். சொந்தம் கொண்டாடுகிறவர்கள், அந்த வீட்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றாவது எண்ணிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.